முயல் அல்ல, சருகுமான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு பதிப்பின் சிறுவர் பக்கத்தில் பல நாட்டுக் கதைகளை வாராவாரம் போட்டு வருகிறீர்கள். எங்கள் வீட்டில் பேப்பர் வந்ததும் முதலில் காணாமல் போவது அந்தப் பக்கம்தான். பேரன் கத்தரித்து நோட்டில் ஒட்டிக்கொள்கிறான். போன வாரம் ‘முயலும் முதலைகளும்’ கதையை ஒட்டும்போது கேட்டான்: “பாட்டி, மலாய்ப் பாடத்துல இது சாங் கன்சில் கதையாச்சே. இங்க எப்படி முயல் வந்துச்சு?”

நியாயமான கேள்வி. கன்சில் என்றால் சருகுமான். (கார் பெயர் என்றுதான் என் மகனே ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தான்.) தமிழ்நாட்டு மலைக்காடுகளிலும் ஒரு வகைச் சருகுமான் உண்டு, ஆகவே சொல்லுக்குப் பஞ்சம் இல்லை. மலேசியாவின் மலாக்கா மாநிலச் சின்னத்தில் இரண்டு பக்கமும் நிற்பதும் இதுதான். கொம்பு கிடையாது. எடை 2 கிலோ தேறினால் பெரிது. அவ்வளவு சின்ன உயிர், அக்கரைப் பழத்துக்கு ஆசைப்பட்டு, “சுலைமான் ராஜா உங்களை எண்ணி வரச் சொன்னார், வரிசையாக நில்லுங்கள்” என்று முதலைகளை நம்பவைத்து, ஒவ்வொரு முதுகாகத் தாண்டிப் போய்விடுகிறது. இதுதான் கதை.

மொழிபெயர்த்தவர் மேல் எனக்குக் கோபமில்லை. சிங்கத்தைக் கிணற்றில் குதிக்கவைத்த பஞ்சதந்திர முயல் நமக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். கெட்டிக்காரப் பிராணி என்றதும் கை தானாக ‘முயல்’ என்று எழுதியிருக்கும். ஆனால் ஜப்பானில் உண்மையிலேயே ஒரு முயல் இப்படித் தண்ணீரைத் தாண்டுகிறது. 712ஆம் ஆண்டில் எழுதப்பட்ட கொஜிக்கி என்ற பழைய நூலில் வரும் இனாபா முயல் அது. அங்கே வரிசையாக நிற்பவை ‘வானி’கள். முதலை என்றும் சொல்கிறார்கள், சுறா என்றும் சொல்கிறார்கள். கரை சேர ஒரே ஒரு முதுகு பாக்கி இருக்கும்போது அந்த முயல் வாயை அடக்க முடியாமல், “ஏமாந்தீர்களா?” என்று சொல்லிவிடுகிறது. கடைசி வானி அதைப் பிடித்துத் தோலை உரித்துவிடுகிறது. நம் கன்சிலோ பத்திரமாகக் கரையேறிய பிறகுதான் கேலி பேசும். முயல் என்று எழுதியதில் மலாய்க் கதையும் போயிற்று, ஜப்பான் கதையும் வந்து சேரவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சில வாரங்களுக்கு முன் சிண்ட்ரெல்லா கதை வந்தது. போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு ‘பாவாங் பூத்தே பாவாங் மேரா’ என்ற மலாய்க் கதையையும் போட்டிருந்தால் பிள்ளைகள் துள்ளியிருப்பார்கள். மீனாக வந்து மகளைப் பார்த்துக்கொள்கிறாள் செத்துப்போன தாய். சிற்றன்னை அதைக் கொன்று சமைத்துவிடுகிறாள். மகள் முள்ளைப் பொறுக்கிப் புதைக்க, அந்த இடத்தில் மரம் முளைக்கிறது. சீனாவில் ஒன்பதாம் நூற்றாண்டில் துவான் செங்ஷி எழுதிவைத்த யே சியன் கதையிலும் ஒரு மீன், ஒரு சிற்றன்னை, ஒளித்துவைத்த மீன்முள். அதில் தங்கச் செருப்பும் உண்டு. பிரான்சில் பெரோ கண்ணாடிச் செருப்புக் கதையை அச்சிட்டது 1697இல்தான். மலாய்க்காரர், சீனர், நாம் என்று மூன்று வீடும் ஒரே வரிசையில் இருக்கிற பினாங்கில் இந்தக் கதைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல் வேறு எங்கே வைப்பது?

நம்மிடமிருந்தும் கதை போயிருக்கிறது. மலாக்காவில் பிறந்த மலாய் எழுத்தாளர் முன்ஷி அப்துல்லா 1835இல் பஞ்சதந்திரத்தை மலாய்க்குக் கொண்டுபோனது தமிழிலிருந்துதான். பெயரிலேயே ‘ஹிக்காயாட் பஞ்ச தந்திரன்’ என்று மூலத்தை விட்டுவைத்தார். நம் கதையை அவர் தன் கதை என்று சொல்லவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கதைக்குக் கீழே, இது எந்த மக்களின் கதை என்று ஒரு வரி. சருகுமானைச் சருகுமானாகவே விடுங்கள். படம் வரைபவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள், கொம்பு வைத்துவிடப் போகிறார். அப்புறம், பாவாங் பூத்தே கதையைப் போடுவதாக இருந்தால், அது வெள்ளைப்பூண்டு. தயவுசெய்து சொல்லுக்குச் சொல் பார்த்து வெள்ளை வெங்காயம் ஆக்கிவிடாதீர்கள்.

ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
பட்டர்வொர்த், பினாங்கு