வகுப்பறை முழக்கத்தைக் குறைக்கத் தொங்கு பேனல்கள்: பள்ளி நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பள்ளி நிர்வாகக் குழுவினர்க்கு,

வணக்கம். கட்டடங்களுக்குள் ஒலி எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதை அளந்து சீர்செய்யும் பணியில் இருப்பவன் என்ற முறையில் இந்த மடலை எழுதுகிறேன். பின்வரிசையில் பாடம் கேட்கவில்லை என்ற புகார் எழும்போதெல்லாம், ஆசிரியருக்கு மைக்கும் அறைக்கு ஸ்பீக்கரும் வாங்கித் தந்தால் போதும் என்று பல நிர்வாகங்கள் முடிவெடுத்துவிடுகின்றன. பெரும்பாலான வகுப்பறைகளில் ஆசிரியரின் குரல் போதிய வலுவோடுதான் இருக்கிறது. அது வெற்றுச் சுவர்களிலும் கூரையிலும் பட்டு, திரும்பத் திரும்ப வந்து, அடுத்து வரும் சொல்லின்மீது விழுவதால்தான் பேச்சு தெளிவிழக்கிறது. அத்தகைய அறையில் ஸ்பீக்கர் வைத்தால் பேச்சோடு சேர்ந்து முழக்கமும் பெருகும். ஆகவே, ஸ்பீக்கருக்கு ஒதுக்கும் தொகையை முதலில் ஒலியை உறிஞ்சும் பேனல்களுக்கு, அதாவது நார்ப்பொருள் அடைத்துத் துணி போர்த்திய தட்டிகளுக்கு, ஒதுக்க வேண்டும் என்றும், அவற்றைச் சுவரோடு ஒட்டிவிடாமல் எளிதில் கழற்றி மாட்டும் வகையில் தொங்கவிட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

பேச்சில் உயிரொலிகள் வலுவானவை, சற்று நீடிப்பவை. மெய்யொலிகள் குறுகியவை, வலுக்குறைந்தவை. ஆனால் ஒரு சொல்லை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய உதவுவதில் பெரும்பங்கு மெய்யொலிகளுக்கே உண்டு. முழக்கம் மிகுந்த அறையில், முந்தைய உயிரொலியின் எச்சம் அடங்குவதற்குள் அடுத்த மெய்யொலி வந்துவிடுவதால், அது அந்த எச்சத்துக்குள் மறைந்துபோகிறது. மொழியில் பழகிய பெரியவர்கள், காதில் விழாததைச் சூழலை வைத்து ஊகித்து நிரப்பிக்கொள்வார்கள். சொல்வளம் இன்னும் சேராத சிறு பிள்ளைகளுக்கும், பாடமொழியை வீட்டில் பேசாத பிள்ளைகளுக்கும் அந்த வசதி இல்லை. செவித்துணைக் கருவி அணிந்த மாணவரின் நிலை இன்னும் கடினமானது. கருவி பேச்சையும் முழக்கத்தையும் சேர்த்தே அவர் காதுக்குள் அனுப்புகிறது. வகுப்பறையில் நின்று பேசிப் பார்த்துவிட்டு ‘நன்றாகத்தானே கேட்கிறது’ என்று சொல்லும் நிர்வாகிகள் எல்லோரும் பெரியவர்கள் என்பதை இங்கே பணிவோடு நினைவூட்டுகிறேன்.

இந்தத் துறையின் அடிப்படைக் கணக்கு எப்படிப் பிறந்தது என்பதைக் கூறினால் என் வேண்டுகோளின் காரணம் விளங்கும். 1895ஆம் ஆண்டில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் கலை அருங்காட்சியகத்தில் புதிதாகக் கட்டிய விரிவுரை அரங்கில் பேச்சு புரியவில்லை என்பதால், அதைச் சீர்செய்யும் பொறுப்பு வாலஸ் கிளமென்ட் சபைன் என்னும் இளம் இயற்பியல் ஆசிரியரிடம் தரப்பட்டது. ஆளில்லாத அந்த அரங்கில் ஒலி அடங்க ஏறத்தாழ ஐந்தரை விநாடிகள் ஆயின. அவர், சந்தடி ஓய்ந்த இரவுகளில், ஆர்கன் என்னும் இசைக்கருவியின் குழாய் ஒன்றையும் காலம் அளக்கும் கருவியையும் வைத்துக்கொண்டு, அதே பல்கலைக்கழகத்தின் சாண்டர்ஸ் அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைச் சிறிது சிறிதாகக் கொண்டுவந்து அடுக்கி, ஒவ்வொரு முறையும் ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். அறையின் கனஅளவை 0.161 ஆல் பெருக்கி, அறையிலுள்ள மொத்த உறிஞ்சுதிறனால் வகுத்தால் எதிர்முழக்க நேரம் கிடைக்கும் என்ற விதி அந்த ஆய்வின் விளைவாகும். ஒலி 60 டெசிபல் தணிவதற்கு ஆகும் விநாடிகளையே எதிர்முழக்க நேரம் என்கிறோம். உறிஞ்சுதிறனுக்கு அவர் எடுத்துக்கொண்ட அலகு திறந்த சன்னல். அதன் வழியே போன ஒலி திரும்பி வராது என்பதால், ஒரு சதுர மீட்டர் திறந்த சன்னலை ஓர் அலகு முழு உறிஞ்சலாகக் கொள்கிறோம். 1900இல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்பொனி ஹால் என்னும் இசையரங்கு அவருடைய ஆலோசனையோடு கட்டப்பட்டது. இவை அனைத்தும், எடுத்து வைக்கவும் திரும்பக் கொண்டுபோகவும் முடிந்த மெத்தைகளை வைத்துச் செய்த சோதனையிலிருந்து வந்தவை. தொங்கு பேனலும் அதே வாய்ப்பைத் தருகிறது: சிலவற்றை மாட்டி, அளந்து, கேட்டு, பிறகு கூட்டலாம், இடம் மாற்றலாம், தேவையில்லை எனில் எடுத்துவிடலாம்.

இனி ஒரு வகுப்பறையை எடுத்துக்கொள்வோம். 9 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம். கனஅளவு 189 கன மீட்டர். சுவர், தரை, கூரை எல்லாம் பூச்சும் ஓடும் கண்ணாடியுமாக இருந்தால், அவை தம்மேல் படும் ஒலியில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கையே உறிஞ்சும். மேசை நாற்காலிகளையும் சேர்த்து அறையின் மொத்த உறிஞ்சுதிறனைச் சுமார் 10 சதுர மீட்டர் எனக் கொண்டால், ஆளில்லாத அறையின் எதிர்முழக்க நேரம் 3 விநாடியாகிறது. 35 மாணவர்கள் வந்து அமர்ந்தால், அவர்களின் உடலும் உடையும் உறிஞ்சுவதையும் சேர்த்து, அது ஏறத்தாழ ஒன்றரை விநாடிக்கு இறங்கும். மாணவர்கள் அமர்ந்திருக்கும் அதே நிலையில், 1.2 மீட்டருக்கு 0.6 மீட்டர் அளவில், 50 மில்லிமீட்டர் தடிமனுள்ள பேனல்களில் 12 மாட்டினால் 1.1 விநாடி, 24 மாட்டினால் 0.85 விநாடி, 36 மாட்டினால் 0.7 விநாடி. முதல் பன்னிரண்டு பேனல்கள் தரும் பயன் அடுத்த பன்னிரண்டில் கிடைப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். அதனால்தான், ஓர் அறையை முழுமையாக மூடுவதைவிட மூன்று அறைகளில் முதற்கட்ட வேலையைச் செய்வது நல்லது என்று நான் கருதுகிறேன்.

அமெரிக்காவின் வகுப்பறை ஒலித் தரமான ஏஎன்எஸ்ஐ எஸ்12.60, 283 கன மீட்டர் வரையுள்ள வகுப்பறையில், ஆளில்லாத நிலையிலேயே எதிர்முழக்க நேரம் 0.6 விநாடிக்கு மேல் போகக் கூடாது என்கிறது. நம் எடுத்துக்காட்டு அறையில் அந்த வரம்பை எட்ட அறுபதுக்கும் மேற்பட்ட பேனல்கள் வேண்டும். புதிதாகக் கட்டும் அறையில் கூரை முழுவதையும் உறிஞ்சும் பொருளால் அமைப்பதே சிக்கனம் என்பதை மறைக்க விரும்பவில்லை. தொங்கு பேனல் என்பது ஏற்கெனவே கட்டி முடித்து, பிள்ளைகள் தினமும் அமர்ந்து படித்துக்கொண்டிருக்கும் அறைக்கான வழி. வாரவிடுமுறையில் மாட்டி முடித்துவிடலாம். வகுப்பை நிறுத்த வேண்டியதில்லை.

எண்ணிக்கைக்கு இணையாக, மாட்டும் இடமும் முக்கியம். வெற்றுச் சுவர்கள் இரண்டு எதிரெதிரே இருந்தால், கைதட்டும் ஒலி அவற்றுக்கிடையே மாறி மாறி மோதிப் படபடவென்று கேட்கும். 7 மீட்டர் இடைவெளியில் அது ஒரு விநாடிக்குச் சுமார் 49 முறை உங்களைக் கடந்து போகிறது. இரு சுவர்களில் ஒன்றில், தலை உயரத்தில், இடைவெளி விட்டுப் பேனல்களைப் பரப்பினாலே அந்தப் படபடப்பு நின்றுவிடும். அடுத்து பின்சுவர். கூரையில் நடுப்பகுதியை, குறிப்பாக ஆசிரியர் நிற்கும் இடத்துக்கு முன்னால் உள்ள பகுதியை, வெறுமையாகவே விடலாம். நேரே வரும் குரலுக்குப் பின் 50 மில்லி விநாடிக்குள் வந்து சேரும் எதிரொலிப்பைக் காது தனியாகப் பிரித்துக் கேட்பதில்லை; அது பேச்சுக்கு வலுவே சேர்க்கிறது. கூரையின் நடுவிலிருந்து பின்வரிசைக்குப் போவது அப்படிப்பட்ட ஒலிதான். எனவே கூரையின் ஓரங்களிலும் பின்பகுதியிலும் பேனல்களைத் தொங்கவிட்டு, நடுவை விட்டுவைப்பது மைக் இல்லாமல் பாடம் நடத்தும் அறைக்குப் பொருந்தும்.

சுவரிலிருந்து சற்று விலக்கி மாட்டுவதற்கும் காரணம் உண்டு. நார்ப்பொருள் ஒலியை உறிஞ்சுவது காற்றின் அசைவை உராய்வால் வெப்பமாக்குவதன் மூலம். அந்த அசைவு சுவரை ஒட்டிய இடத்தில் இல்லை, கால் அலைநீளம் தள்ளியே உச்சமாகிறது. 1000 ஹெர்ட்ஸில் கால் அலைநீளம் சுமார் 8.6 சென்டிமீட்டர், 100 ஹெர்ட்ஸில் 86 சென்டிமீட்டர். ஆதலால், 50 மில்லிமீட்டர் பேனலுக்குப் பின்னால் இன்னும் 50 மில்லிமீட்டர் காற்று இடைவெளி விட்டால், தாழ்ந்த ஒலிகளில் அதன் திறன் கூடுகிறது. அந்தக் காற்றுக்கு விலை கிடையாது. கூரையிலிருந்து கம்பியில் தொங்கும் பேனலுக்கு இரு முகங்களும் வேலை செய்வதால், அதே பரப்பில் இன்னும் கூடுதலாக உறிஞ்சும். பசை பூசிச் சுவரில் அப்பிவிட்டால் இந்த இரண்டையும் இழக்கிறோம்.

மாட்டும் முறை எளியது. மரச்சட்டம் ஒன்றை நெடுகிலும் 45 பாகைச் சரிவில் இரண்டாக அறுத்து, ஒரு பாதியைச் சுவரிலும் மறுபாதியைப் பேனலின் முதுகிலும் பொருத்தினால், ஒன்றன்மேல் ஒன்று கவ்விக்கொள்ளும். தூக்கினால் கழன்று வரும். மேற்சொன்ன அளவுள்ள பேனல், சட்டமும் துணியும் சேர்த்து, சுமார் 4 கிலோதான் இருக்கும் என்பதால் ஒருவரே கையாளலாம். கூரைக்கு நான்கு கொக்கிகளும் எஃகுக் கம்பியும் போதும்; ஆனால் பிள்ளைகளின் தலைக்கு மேல் தொங்குவதால், ஒன்று அறுந்தாலும் தாங்கும்படி கூடுதலாக ஒரு பாதுகாப்புக் கம்பி கட்டாயம் வேண்டும். மின்விசிறி, புகையுணர் கருவி, தீயணைப்பு நீர்த்தெளிப்பான் ஆகியவற்றை எந்தப் பேனலும் மறைக்கலாகாது. கழற்ற முடிவதால், பின்னால் ஈரம் கசிகிறதா, பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கலாம், துணியை மாற்றலாம், சுவருக்கு வண்ணம் பூசலாம்.

பொருள் தேர்வில்தான் பெரும்பாலும் தவறு நேர்கிறது. முட்டை அட்டைகளை ஒட்டும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. மெல்லிய காகிதக்கூழ் பேச்சின் முக்கிய ஒலிகளை ஏறக்குறைய ஒன்றும் செய்வதில்லை. தெர்மாகோலும் அப்படியே, அதன் நுண்ணறைகள் மூடியவை, காற்று உள்ளே நுழையாது. ஓர் அங்குலத்துக்கும் குறைந்த மெல்லிய ஃபோம், உச்ச ஒலிகளை மட்டும் விழுங்கிவிட்டுத் தாழ்ந்த ஒலிகளை விட்டுவிடுவதால், அறை மந்தமாகவும் அதேவேளை கடமுடவென்றும் ஒலிக்கும். கிளாஸ் வூல் (கண்ணாடி நார்ப் பஞ்சு) அல்லது ராக் வூல் (பாறை நார்ப் பஞ்சு), அதன்மேல் நார் உதிராதபடி மெல்லிய உறை, அதற்கும் மேல் காற்றோட்டமுள்ள துணி என்ற அமைப்பு நம்பத்தகுந்தது. துணியை வாயருகே வைத்து ஊதினால் மூச்சு மறுபக்கம் எளிதில் வர வேண்டும். பேனலின்மேல் பள்ளியின் குறிக்கோள் வாசகத்தை வினைல் தாளில் அச்சிட்டு ஒட்டுவதோ, துணிமேல் வண்ணம் அடிப்பதோ வேண்டாம். அந்த நொடியே அது மீண்டும் சுவராகிவிடும்.

தீ பற்றிய எச்சரிக்கையை இதைவிட அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். 2003 பிப்ரவரியில் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ‘தி ஸ்டேஷன்’ என்னும் இரவு விடுதியில், ஒலித்தடுப்புக்காகச் சுவரில் ஒட்டியிருந்த பாலியூரித்தேன் ஃபோமில் வாணவேடிக்கைப் பொறி பற்றி 100 பேர் இறந்தனர். 2013 ஜனவரியில் பிரேசிலின் சாண்டா மரியாவில் ‘கிஸ்’ விடுதியில் அதேபோல ஃபோம் எரிந்து எழுந்த நச்சுப்புகையில் 242 பேர் மாண்டனர். எரியும் தன்மைக்கான சோதனைச் சான்றிதழ் இல்லாத எந்த ஃபோமையும், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், வகுப்பறைக்குள் அனுமதிக்கவே கூடாது. கிளாஸ் வூலும் ராக் வூலும் எரியாத பொருள்கள் என்றாலும், மேல் துணிக்கும் சட்டத்துக்கும் தனியாகச் சான்று கேளுங்கள்.

இந்தப் பேனல்களால் ஆகாத காரியமும் ஒன்று உண்டு. பக்கத்து வகுப்பின் சத்தத்தையோ வீதியின் இரைச்சலையோ இவை தடுத்து நிறுத்தா. அதற்குக் கனமான சுவரும் இடுக்கில்லாத கதவும் சன்னலும்தான் தேவை. ‘சவுண்ட் ப்ரூஃப்’ என்று சொல்லி விற்போரிடம் இந்த வேறுபாட்டைக் கேட்டுப் பாருங்கள். அறைக்குள்ளேயே பிள்ளைகள் எழுப்பும் சத்தம் மட்டும் நிச்சயமாகக் குறையும்: உறிஞ்சுதிறன் இரட்டிப்பானால் அறையில் தேங்கும் சத்தம் 3 டெசிபல் தணியும். சத்தம் மிகுந்தால் பேசுவோர் தம்மையறியாமல் குரலை உயர்த்துவார்கள் என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் எட்டியன் லொம்பார் 1911இலேயே எழுதியிருக்கிறார். அந்தச் சுழல் தளரும்போது ஆசிரியரின் தொண்டைக்கும் ஓய்வு கிடைக்கிறது.

ஆகவே, நிர்வாகத்திடம் நான் வேண்டுவன இவை. வேலை தொடங்குமுன்னும் முடிந்தபின்னும், எதிர்முழக்கத்தை அளப்பதற்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 3382-2 முறைப்படி 500, 1000, 2000 ஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் எதிர்முழக்க நேரத்தை அளந்து தருவதை ஒப்பந்தத்தில் சேருங்கள். ஒப்பந்தக்காரர் எத்தனை பேனல் மாட்டினார் என்பதற்கன்றி, அந்த நேரம் எவ்வளவு இறங்கியது என்பதற்கே பணம் கொடுங்கள். தலைவர் உரையாற்றும் விழா அரங்கிலிருந்து தொடங்கும் வழக்கத்தை இம்முறை மாற்றி, மிகச் சிறிய பிள்ளைகளின் வகுப்புகளிலும் மொழிப்பாட அறைகளிலும் செவித்துணைக் கருவி அணிந்த மாணவர் பயிலும் அறைகளிலும் முதலில் செய்யுங்கள். அடுத்த கல்வியாண்டுக்கான பராமரிப்புத் திட்டம் முடிவாவதற்குள், இவற்றுள் ஓர் அறையையேனும் தேர்ந்தெடுத்து முதல் பன்னிரண்டு பேனல்களை மாட்டிப் பார்க்க ஒப்புதல் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கட்டட ஒலியியல் பணியிலுள்ள ஒருவர்