மீசைக்கு வந்த கதி

ரோஸ்ஹில், மொரீஷியஸ்

அன்புள்ள சுந்தரம்,

இங்கே எல்லோரும் நலம். டர்பனில் நீங்களும் அப்படித்தான் என்று வைத்துக்கொள்கிறேன். தைப்பூசக் காவடிக்கு வருவதாகச் சொல்லி ஏமாற்றியதற்குச் சண்டை பாக்கி இருக்கிறது, அது அப்புறம்.

நம் கணிதக் கட்டுரையை ஆய்விதழ்க்காரர்கள் ஏற்றுக்கொண்டார்கள்! ஆனால் நாமே வைத்துக்கொண்ட சுருக்கக் கட்டளை, அதாவது சொந்த மேக்ரோ, ஒன்றுகூட இருக்கக் கூடாதாம், எல்லாம் அச்சுக்கோக்கும் மென்பொருளான லேடெக்கின் வழக்கமான கட்டளைகளாக வேண்டுமாம். மூன்றாம் புயல் எச்சரிக்கையில் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தபோது உன் மேக்ரோ கோப்பைத் திறந்தேன். பாவி, கல்லூரிக் காலத்துச் சரக்கு ஒன்றைக்கூட நீ தூக்கிப் போடவில்லை!

"தேடி மாற்றினால் போச்சு மாமா" என்றான் மருமகன். ஒரு நகலைக் கொடுத்தேன். மெய்யெண் கணத்துக்கு நாம் வைத்த 'பேக்ஸ்லாஷ் ஆர்' அத்தனையையும், அச்சில் இரட்டைக்கோட்டு ஆர் தரும் முழுக் கட்டளையாக மாற்றினான். அம்புக்குறி போடும் ரைட்ஏரோ கட்டளையும் அப்படித்தானே தொடங்குகிறது? அம்புக்குறி இருந்த இடமெல்லாம் இரட்டைக்கோட்டு ஆர், பின்னாலேயே 'ஐட்ஏரோ' என்று ஒரு வால்.

கடைசியில் மேக்ரோக்களை முழுக் கட்டளைகளாக விரித்துத் தரும், பீட்டர் காச் எழுதிய டி-மேக்ரோ என்ற பைத்தான் நிரல்தான் கைகொடுத்தது. மேக்ரோக்களைத் தனிக் கோப்பில் வைத்து, அதன் பெயரை 'பிரைவேட்' என்று முடித்தால் எடுத்துக்கொள்ளும். ஆனால் நியூகமாண்ட் வகையறாக் கட்டளைகளால் வரையறுத்த மேக்ரோக்களைத்தான் விரிக்கும். ஐயா நீ வரையறுத்ததெல்லாம் டெஃப் கட்டளையால்! ஒவ்வொன்றாக நான்தான் மாற்றினேன். உன் 'மீசை' மேக்ரோவும் போயிற்று, இனி எங்கும் எழுத்தின் தலையில் அலைக்கோடு போடும் வைட்டில்டேதான். வாத்தியார் இருந்திருந்தால் நம் இரண்டு பேரையும் வெளியே நிற்க வைத்திருப்பார்.

சிரிப்பு இருக்கட்டும். உன் 'நீளம்', 'அளவு' மேக்ரோ இரண்டையும் விரித்தால் ஒரே இரட்டைக் கோடுதான் வருகிறது, அடிக்குறியே கிடையாது. 'நீளம்' என்பது சார்பின் வர்க்கத்தைத் தொகையிட்டு வர்க்கமூலம் எடுக்கும் எல்-டூ நார்ம், 'அளவு' என்பது சார்பின் உச்ச அளவை எடுக்கும் சூப் நார்ம் என்று மூலக் கோப்பைப் பார்க்கும் நம் இருவருக்குத்தான் தெரியும். அச்சில் படிக்கிறவனுக்கு எப்படித் தெரியும்? மூன்றாம் பகுதியின் சமனின்மையில் இடப்பக்கம் நீளம், வலப்பக்கம் அளவு, முன்னது பின்னதை மிஞ்சாது என்கிறாய். சார்பின் களத்தின் பரப்பு ஒன்றுக்கு மேல் போனால் அந்தச் சமனின்மைக்கு ஒரு மாறிலி வேண்டாமா? பரப்பு ஒன்றுக்குள் என்று நீ எங்கேயும் எழுதவில்லை. இத்தனை நாள் யார் கண்ணிலும் படாதது எனக்குத் திகிலாக இருக்கிறது.

என்ன நினைத்து எழுதினாய் என்று உடனே சொல். அடிக்குறிகளை மேக்ரோ கோப்பிலேயே சேர்த்து அனுப்பு, நான் மறுபடி விரித்துக்கொள்கிறேன். விரித்த நகலில் மட்டும் கை வைக்காதே. வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பியாக வேண்டும்.

அன்புடன்,
செல்வன்