அக்கா, வெள்ளிக்கிழமை நான் வரவில்லை

அக்கா,

நிச்சயதார்த்தத்துக்கு என்னை எதிர்பார்க்காதே. தாய்மாமன் இடத்தில் யாரை வேண்டுமானாலும் உட்கார வைத்துக்கொள். ஏனென்று உனக்குத் தெரியும். அத்தானும் இதைப் படிப்பார். அவர் வீட்டாரைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை எழுதமாட்டேன்.

நேற்று ராத்திரி முழுக்க 2003-தான் ஓடியது. கழுத்தில் மாலையோடு நம் வீட்டு வாசலில் நிற்கிறாய். அத்தை தட்டில் மஞ்சளைக் கரைத்து, துளி சுண்ணாம்பு போட்டதும் தண்ணீர் செக்கச்செவேலென்று ஆனது. குனிந்த தலை நிமிராமல் என்னிடம் கிசுகிசுத்தாய்: "சுண்ணாம்பு அமிலமா, காரமாடா?" கல்யாணப் பெண் கேட்கிற கேள்வியா அது!

"காரம்."

"திரும்ப மஞ்சளாக்க?"

முழித்தேன்.

"எலுமிச்சம்பழம் பிழியணும், மக்கு. அமிலம் விழுந்தா காரம் அடங்கிடும்."

சிரித்துவிட்டாய். அத்தை முறைத்தாள்.

உனக்கு அப்போது 18. பிளஸ் டூ வேதியியலில் 200-க்கு 187. வேன் வெடுக்கென்று கிளம்பியதும் நீ பின்னால் சாய்ந்தாய். 'நிலைமம்' என்றுதான் எனக்குத் தோன்றியது, அழுகை வரவில்லை. அதற்கு மன்னித்துவிடு. உன் காலேஜுக்கு வைத்திருந்த பணம்தான் என் பள்ளிக்கூட ஃபீஸ் என்பது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. தெரிந்திருந்தால் மட்டும் ஏழாம் வகுப்புப் பையன் என்ன கிழித்திருப்பான்? சரி, அதற்கும் சேர்த்தே மன்னிப்பு.

ஆனால் "எனக்குப் படிப்பு ஏறலை" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தாயே, எனக்காகத்தான், அது எனக்குப் பிடிக்கவே இல்லை. யார் கேட்டார்கள் உன்னை? மஞ்சளில் இருக்கும் குர்குமின் பி.எச். 8 பக்கம் போகும்போது சிவக்கும் என்று நான் காலேஜில் படித்தேன். எண் ஒன்றுதான் எனக்குப் புதிது.

உன் மகள் பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் வருஷம். நீயா தலையாட்டினாய்? "நல்ல இடம்டா" என்று போனில் அம்மாவின் அதே இழுவையோடு நீ சொன்னபோது, போனை வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டேன்.

இருமல் எப்படி இருக்கிறது? வெந்நீர் குடி.

அவள் என்னிடம் பேசினாள். என்ன பேசினாள் என்று நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுத முடியாது. அடுத்த செமஸ்டர் ஃபீஸ் கட்டியாகிவிட்டது. ரசீது உன் வாட்ஸப்பில் இருக்கிறது.