குளிருக்கு இங்கே வேறு சொல்

சட்பரி, ஒன்டாரியோ
ஞாயிறு இரவு

அன்புள்ள கலா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. வாட்ஸ்அப்பில் இரண்டு வரி போட்டிருப்பேன், ஆனால் நீ கேட்டதற்கு இரண்டு வரி போதாது. நிலா பிரெஞ்சு கற்க அலியான்ஸ் பிரான்சேஸில் சேர்ந்திருக்கிறாள், பிரெஞ்சு தெரிந்தால் கனடாவில் வேலை நிச்சயமாமே என்று எழுதியிருந்தாய். கனடாவுக்குள் வர அது நன்றாகவே உதவும். வேலைக்கு அது மட்டும் போதாதடி. நடுவில் எனக்கு ஒரு காலேஜ் தேவைப்பட்டது.

முதலில் உள்ளே வருகிற கதை. எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்பது மதிப்பெண் பார்த்துக் குடியேற அழைக்கிற கனடா அரசின் திட்டம். 2023-லிருந்து அதில் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கென்று தனியாக அழைப்பு விடுகிறார்கள். கேட்க, பேச, படிக்க, எழுத, நான்கிலும் கனடாவின் பிரெஞ்சு அளவுகோலில் 7-ஆம் நிலை வேண்டும். பொது அழைப்புக்கு 500-க்கு மேல் மதிப்பெண் கேட்டுக்கொண்டிருந்த 2024 பிப்ரவரியில் பிரெஞ்சு அழைப்பு ஒன்றுக்கு 336 போதுமாக இருந்தது. புதுச்சேரியில் எதிர்வீட்டு சொல்தா தாத்தாவுக்கு, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவருக்கு, விளையாட்டாக 'போன்ழூர்' சொல்லிவிட்டு ஓடுவோமே, அந்த மொழி இப்படி உதவும் என்று யார் கண்டது!

இதில் கனடாக்காரர்களுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பிரெஞ்சு பேசும் மாகாணமான கியூபெக்கை விட்டு வெளியே வந்தால் பிரெஞ்சு பேசுகிறவர்கள் சிறுபான்மை. இந்த ஒன்டாரியோவில் மட்டும் 6 லட்சத்துக்கும் மேல் இருக்கிறார்கள். 1912-ல் '17-ஆம் விதி' என்று ஒன்று போட்டு, முதல் இரண்டு வகுப்புக்கு மேல் பிரெஞ்சில் பாடம் நடத்தக்கூடாது என்றார்களாம். 1927 வரை இங்கத்திய பிரெஞ்சு பேசுகிறவர்கள் அதை எதிர்த்துப் போராடியிருக்கிறார்கள். அப்படிப் பிடித்துவைத்த மொழியிலிருந்து பேரப்பிள்ளைகள் மெல்ல ஆங்கிலத்துக்கு நழுவுகிறார்கள். அதனால்தான் எங்களைப் போன்றவர்களைக் கூப்பிடுகிறார்கள். கியூபெக்குக்கு வெளியே குடியேறுகிறவர்களில் 4.4 சதவீதம் பிரெஞ்சு பேசுகிறவர்களாக இருக்கவேண்டும் என்று 2003-ல் இலக்கு வைத்து, 2022-ல்தான் முதல்முறை எட்டினார்கள். 2024-க்கு அதையே 6 ஆக்கினார்கள். அவர்களுக்கு ஆள் வேண்டும், நமக்கு ஊர் வேண்டும், அவ்வளவுதான். இதை இப்படிப் பார்த்த பிறகு எனக்கு வந்தேறி என்ற கூச்சம் பாதி குறைந்துவிட்டது.

நான் படிக்கிற காலேஜின் பெயர் கொலேஜ் பொரேயால். பிரெஞ்சுக்கு என்றே 1995-ல் இதே சட்பரியில் தொடங்கியது. இப்போது டொராண்டோ, விண்ட்சர் வரைக்கும் கிளை இருக்கிறது. நான் முதலில் போனது படிக்க அல்ல, அங்கே இருக்கிற வேலைவாய்ப்பு சேவைக்கு. மாகாண அரசு செலவில் நடப்பது, நமக்குக் காசு கிடையாது, மாணவராக இருக்கவேண்டும் என்றும் இல்லை. அதற்கு முன் நாற்பது இடங்களுக்கு ரெஸ்யூமே அனுப்பி ஒரு பதில்கூட வராமல் நொந்துபோயிருந்தேன். அங்கிருந்த அம்மாள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு சிவப்புப் பேனாவை எடுத்தார். புகைப்படத்தின் மேல் ஒரு கோடு. பிறந்த தேதி, கோடு. கணவர் பெயர், கோடு. கடைசியில் "மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை" என்று கையெழுத்துப் போட்டிருந்தேனே, அதைப் பார்த்துச் சிரித்தேவிட்டார். "இல்லையென்றால் பொய் என்று நினைப்போமா?" மூன்று பக்கம் ஒன்றரைப் பக்கமானது. பொய்யாக ஒரு இன்டர்வியூ வைத்து, கண்ணைப் பார்த்துப் பேசப் பழக்கினார். "எனக்குத் தெரியும்" என்று சொல்ல எனக்கு இரண்டு வாரமாயிற்று, நம் வளர்ப்பு அப்படி.

கணக்கு வேலையை விட்டு முதியோர் பராமரிப்புப் படிப்பில் சேர்ந்ததற்கு நீ திட்டுவாய் என்று தெரியும். ஒரு வருடம், பாதி வகுப்பு, பாதி பயிற்சி. வகுப்பில் கமரூன், ஐவரி கோஸ்ட், மொராக்கோ, ஹைட்டி எல்லாம் உண்டு. புதுச்சேரி நான் ஒருத்திதான். கமரூன்காரர் ஒருவர் ஊரில் பன்னிரண்டு வருடம் வாத்தியாராக இருந்தவர். இங்கே மறுபடி பெஞ்சில் உட்கார்ந்து நோட்ஸ் எடுக்கிறார். காலேஜ் அந்தப் பன்னிரண்டு வருடத்தைத் திருப்பித் தரவில்லை, அதை நான் மறைக்கமாட்டேன்.

நம் பிரெஞ்சு இங்கே அப்படியே செல்லாது. உள்ளூர்க்காரத் தோழி ஒருத்தி ஞாயிற்றுக்கிழமை 'தினே'க்கு வா என்றாள். தினே என்றால் இரவுச் சாப்பாடுதானே? கேசரி கிண்டி எடுத்துக்கொண்டு ஏழு மணிக்குப் போய் நின்றேன். இங்கே தினே மதியச் சாப்பாடாம், ராத்திரிக்கு 'சுப்பே'. மதியம் முழுக்கக் காத்திருந்தார்கள் பாவம். சூடுபண்ணிப் போட்டார்கள், கேசரியைக் கொஞ்சம் சந்தேகமாகச் சாப்பிட்டார்கள்.

பயிற்சிக்குப் போகும் முதியோர் இல்லத்தில் ஒரு பாட்டி, சுரங்கத் தொழிலாளியின் மனைவி, எண்பதைத் தாண்டியவர். வாழ்நாளெல்லாம் கடைத்தெருவில் ஆங்கிலம் பேசியிருக்கிறார். இப்போது ஞாபகம் போகப்போக ஆங்கிலம் முதலில் கழன்றுவிட்டது, சின்ன வயசு மொழிதான் மிச்சம். முதல் நாள் "ழே ஃப்ரெத், ழே ஃப்ரெத்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு விளங்கவில்லை. தண்ணீர் கொடுத்தேன், தலையணையைச் சரிசெய்தேன், கோபம்தான் வந்தது அவருக்கு. மறுநாள் வகுப்பில் கேட்டேன். குளிருக்கு நாம் படித்த 'ஃப்ருவா' இவர்கள் வாயில் 'ஃப்ரெத்'. அன்று மதியமே போய்ப் போர்வையை இழுத்துவிட்டு, "ஃப்ரெத்தா பாட்டி?" என்றேன். அந்தப் 'பாட்டி' தானாக வந்துவிட்டது. அவர் அதைப் பிடித்துக்கொண்டு, இப்போது என்னையே 'பாத்தி' என்று கூப்பிடுகிறார்.

நிலாவுக்குச் சொல்: பிரெஞ்சுத் தேர்வை எழுதட்டும், ஆங்கிலத்தையும் விடவேண்டாம். இங்கே விளம்பரங்களில் இரண்டையும்தான் கேட்கிறார்கள். வந்த கையோடு டொராண்டோவில் அறை எடுக்காமல் இந்த மாதிரி சின்ன ஊரையும் யோசிக்கட்டும். மீதியை அவளையே எனக்குப் போன் பண்ணச் சொல்.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? எழுதவேயில்லையே. நாளைக்குக் காலை ஏழு மணி ஷிஃப்ட், வெளியே மைனஸ் 24. இவர் காருக்கு ஹீட்டர் ஒயரைச் செருகினாரா என்று பார்த்துவிட்டுப் படுக்கவேண்டும்.

உன்,
வளர்மதி