ஒன்றுகூடலுக்குப் புதியவர்களை அழைத்து வந்தவர்களுக்கு நன்றி

அன்பு நண்பர்களே, வணக்கம்.

தமிழ் விக்கிப்பீடியர்களின் மாத ஒன்றுகூடலுக்குப் புதுமுகங்கள் வருவதற்கும், வந்தவர்கள் மறுமாதமும் வருவதற்கும் உழைத்த உங்கள் எல்லோருக்கும் இந்த மடல். உங்களில் பலர் பயனர் பெயரோடு மட்டும் இருக்க விரும்புகிறவர்கள் என்பதால் யார் பெயரையும் குறிப்பிடவில்லை. செய்த வேலையைச் சொன்னால் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

முதல் நன்றி, அழைப்பு எழுதியவர்களுக்கு. விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கமான ஆலமரத்தடியில் மட்டும் அறிவித்தால் ஏற்கெனவே தொகுப்பவர்கள்தான் பார்ப்பார்கள். நீங்கள் அண்மைய மாற்றங்களில் புதுப் பயனர்களைத் தேடி, அவரவர் பேச்சுப் பக்கத்தில் எழுதினீர்கள். "உங்கள் ஊர் ஏரியைப் பற்றிச் சேர்த்த வரியைப் பார்த்தேன், ஞாயிறு வாருங்கள்" என்று ஒரு மனிதர் எழுதுவதை எந்த வார்ப்புருவாலும் (பக்கத்தில் ஒட்டும் ஆயத்த அறிவிப்பாலும்) ஈடுசெய்ய முடியாது. சுவரொட்டியில் பேருந்து நிறுத்தம், எந்த மாடி, கட்டணமில்லை, மடிக்கணினி தேவையில்லை என்பதோடு முடியும் நேரத்தையும் போட்டீர்கள். எத்தனை மணிக்கு வீடு திரும்பலாம் என்று தெரியாத கூட்டத்துக்கு, குறிப்பாகப் பெண்கள், வரத் தயங்குவார்கள்.

விக்கிப்பீடியாவில் கணக்கு தொடங்க உதவியவர்களே, கூட்டம் நின்றுபோகாமல் காத்தது நீங்கள். ஒரே ஐபி முகவரியிலிருந்து, அதாவது ஒரே இணைய இணைப்பிலிருந்து, 24 மணி நேரத்தில் 6 கணக்குகள்தான் தொடங்க முடியும். அரங்கின் வைஃபையில் ஏழாவது ஆளுக்குப் பிழைச்செய்தி வந்தால், தான்தான் ஏதோ தவறு செய்துவிட்டோம் என்று அவர் நினைப்பார். அதனால் முதல் நாளே வீட்டில் கணக்கு தொடங்கச் சொன்னீர்கள். கூட்டம் பெரிதாகும் என்று தெரிந்தபோது வரம்பைத் தளர்த்த முன்கூட்டியே விண்ணப்பித்தீர்கள். மின்னஞ்சலை மறக்காமல் சேர்க்க வைத்ததற்குத் தனி நன்றி. அது இல்லாமல் கடவுச்சொல் மறந்துபோனால் மீட்க வழியில்லை. மறுமாதம் வேறு பெயரில் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது! விசைப்பலகையை ஒருமுறைகூட உங்கள் பக்கம் இழுக்கவில்லை. புதுக்கணக்கில் வெளியிணைப்புச் சேர்த்தால் ஆங்கில எழுத்துகளைத் தட்டச்சிடச் சொல்லும் சோதனை வரும். தமிழ்த் தட்டச்சு ஓடிக்கொண்டிருந்தால் எத்தனை முறை அடித்தாலும் தவறென்றே காட்டும். கன்ட்ரோல்-எம் அழுத்தி மாற்றிக்கொள்ளலாம் என்று காட்டினீர்கள், ஒரு நொடியில் தீர்ந்தது.

முதல் நாளே புதுக் கட்டுரை எழுதச் சொல்லாததும் உங்கள் முடிவுதான். சான்றில்லாத கட்டுரையில் நீக்கல் வார்ப்புரு விழுந்தால், எழுதியவர் திரும்பி வருவது அரிது. அதற்குப் பதிலாக விக்கிப்பீடியாவின் உடன்பிறப்பான இணைய நூலகம் விக்கிமூலத்தில் நாட்டுடைமை நூல் ஒன்றின் பக்கத்தைத் திறந்து கொடுத்தீர்கள். இடப்பக்கம் எழுத்துணரி (படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் கருவி) தந்த உரை, வலப்பக்கம் அச்சுப் பக்கத்தின் படம். 'காலம்' என்பது 'கரலம்' என்று இருக்கும்; துணைக்காலை ரகரமாகப் படித்திருக்கும் கருவி. தமிழ் படிக்கத் தெரிந்த எவருக்கும் அது உடனே கண்ணில் படும். ஒருவர் மெய்ப்புப் பார்த்தால் பக்கத்தின் நிலையைக் காட்டும் நிறம் மஞ்சளாகும். பச்சையாக்க இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். அந்த விதியே பக்கத்து நாற்காலிக்காரரோடு பேச வைத்தது. பெயர் சொல்லி அறிமுகப்படுத்தும் சுற்றைவிட இது நன்றாக வேலை செய்கிறது என்பது எங்கள் துணிபு.

கூட்டம் கலைந்த பிறகு வீட்டிலிருந்து செய்த வேலை யார் கண்ணிலும் படாதது. புதியவர்கள் தொட்ட பக்கங்களைக் கவனிப்புப் பட்டியலில் சேர்த்து, அவர்கள் எழுதியதை நீக்கி மீளமைக்காமல் பிழையை மட்டும் திருத்தி, ஏன் என்று ஒரு வரி எழுதினீர்கள். பக்க வரலாற்றில் இருக்கும் 'நன்றி' இணைப்பை அழுத்தினீர்கள். அந்த அறிவிப்பு மறுநாள் காலையில் ஒருவரை மீண்டும் உள்நுழைய வைக்கும்.

அறை தந்த நூலகருக்கும், மின்நீட்டிப் பெட்டிகள் கொண்டுவந்தவர்களுக்கும், தேநீர் ஊற்றியவர்களுக்கும் நன்றி. படம் எடுக்க வேண்டாம் என்போருக்குச் சிவப்பு ஒட்டி கொடுத்து, விக்கியின் படக் களஞ்சியமான பொதுவகத்தில் ஏற்றும் முன் ஒவ்வொரு படத்தையும் சரிபார்த்த அன்பருக்கும் நன்றி.

அடுத்த ஒன்றுகூடலில் வாசலருகே நின்று வரவேற்க இரண்டு பேர் வேண்டும். பழையவர்கள் ஒரே மேசையில் சேர்ந்துவிட்டால், உள்ளே வருகிறவருக்கு எங்கே உட்காருவதென்று தெரிவதில்லை. முடிந்தவர்கள் நிகழ்வுப் பக்கத்தில் கையொப்பமிடுங்கள்.

நன்றியுடன்,
ஒன்றுகூடல் ஒருங்கிணைப்பாளர்கள்