கோட்டு எடுத்தவர்

அன்பு மகளுக்கு,

துருக்கிக்காரர்களுக்கு நீ எடுக்கிற ஆங்கில வகுப்பைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. "கெட் என்ற ஒரு வினைக்கு முப்பத்திரண்டு அர்த்தம் போட்டு அச்சடிச்சுக் கொடுத்தேன்மா, ஒருத்தரும் தொடவே இல்லை" என்றாய். முன்வரிசையில் உட்காரும் அந்தப் பெரியவர் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பேனாவையும் மூடிவிட்டார் என்றாய். அதற்குள் இஸ்மிரில் நீ கார்ஷியாகா கரைக்குப் போகிற படகுக்கு நேரமாகிவிட்டது. முழுதாகப் பேச முடியாமல் போனதால் எழுதுகிறேன். நிதானமாகப் படி.

அந்தப் பெரியவரிடமிருந்தே தொடங்குகிறேன். போன மாதம் அவர் "ஐ டுக் எ கோட் ஃப்ரம் த ஷாப்" என்று எழுதினார், பின்வரிசைப் பிள்ளைகள் சிரித்தார்கள், நீ டுக்கை அடித்து, விலைக்கு வாங்கினேன் என்று பொருள்படும் பாட் போட்டுத் திருத்தினாய். கடையிலிருந்து கோட்டைத் தூக்கிக்கொண்டு வந்த மாதிரி ஆகிவிட்டது வாக்கியம், அதனால் சிரிப்பு. நீ திருத்தியதில் பிழை இல்லை. ஆனால் பாப்பா, நம் வீட்டில் தீபாவளிக்கு முன்னால் அப்பா என்ன கேட்பார்? "எல்லாருக்கும் துணி எடுத்தாச்சா?" என்பார். கல்யாணம் என்றால் ஜவுளி எடுக்கப் போகிறோம். பட்டு எடுத்தோம், வேட்டி எடுத்தோம். காசு கொடுத்துத்தான் எடுத்தோம் என்று ஒருவரும் விளக்க வேண்டியதில்லை. அந்த மனிதர் எழுதியதைக் கேட்டுச் சிரிக்காமல் இருக்கக்கூடியவள் அந்த அறையில் நீ ஒருத்திதான். ஏனென்றால் நீயும் துணி எடுக்கிற வீட்டில் பிறந்தவள்.

அவர் மனதில் ஓடியது அல்மாக் என்ற துருக்கி வினை. எடு, வாங்கு இரண்டுக்கும் அது ஒன்றுதான். நீ சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதி வைத்த சொற்களில் அதிகம் வந்தது அதுதான். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நம் 'வாங்கு' ஞாபகத்துக்கு வருகிறது. 'அவரிடம் புத்தகம் வாங்கினேன்' என்றால் காசு கொடுத்தேனா, சும்மா கொடுத்தாரா என்று தெரியாது. அல்மாக்கின் இறந்தகாலமான அல்டும் என்றாலும் தெரியாது. தெரியவைக்க வேண்டுமென்றால் நாம் 'விலைக்கு வாங்கினேன்' என்போம்; அவர்கள் முன்னால் ஒரு சொல் சேர்த்து, சாத்துன் அல்டும் என்பார்கள். கடன் வாங்குகிறோம்; அவர்களும் போர்ச் என்ற கடனோடு அல்மாக்கைத்தான் சேர்க்கிறார்கள். நாம் பழி வாங்குகிறோம். அவர்கள் இந்திகாம் அல்மாக். படியேறினால் நமக்கு மூச்சு வாங்குகிறது; அவர்கள் சாதாரணமாக மூச்சு விடுவதையே நெஃபெஸ் அல்மாக் என்கிறார்கள்.

இப்போது கெட்டைப் பார். 'ஐ காட் எ கோட்.' விலைக்கா, பரிசா, அண்ணன் போட்ட பழசா, ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம் வந்து சேர்ந்தது, அவ்வளவுதான் செய்தி. அந்தப் பெரியவர் தேடியது இந்தச் சொல்லைத்தான். பாட் என்று திருத்தியபோது அவர் சாத்துன் அல்டும் என்று சொன்னதாக வைத்துக்கொண்டாய். அவர் சொல்ல வந்தது வெறும் அல்டும். கெட் அவருக்குப் புதுச் சுமை இல்லை. இத்தனை வருஷமாக அவர் வாயில் இருக்கிற வினைக்கு ஆங்கிலத்தில் கிடைத்த இன்னொரு பெயர். அவரிடம் முதலில் அதைச் சொல்.

பாலம் எல்லா இடத்திலும் தாங்காது, அதையும் மறைக்காதே. மூச்சுக்கு ஆங்கிலத்தில் டேக் தான் வரும், கடனுக்குப் பாரோ என்று தனிச்சொல்லே உண்டு. டேக்கையும் கெட்டையும் பிரித்துக் காட்ட நீ தினமும் ஏறுகிற படகே போதும். கொனாக் படகுத்துறையில் கூட்டம் ஏறுகிறது. 'ஐ காட் எ சீட்' என்றால் எனக்கு இடம் கிடைத்தது. 'ஐ டுக் எ சீட்' என்றால் போய் உட்கார்ந்தேன். முன்னதில் அதிர்ஷ்டமும் இருக்கலாம், பிரயாசையும் இருக்கலாம். முடிவு மட்டும் தெரிகிறது. பின்னதில் நான் செய்த காரியம் தெரிகிறது. நம் பாஷையில் கெட் என்பது 'வாங்கு'வுக்கும் 'கிடை'க்கும் நடுவில் நிற்கிறது. இந்தப் படகு உதாரணத்தை ஒரு வகுப்பு முழுக்க வைத்துக்கொள். அவசரப்படாதே.

அடுத்தது உன் பட்டியலில் இருந்த இந்தக் கூட்டம்: கெட் ஓல்ட், கெட் சிக், கெட் டர்ட்டி, கெட் ஆங்க்ரி, கெட் மேரீட். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் போட்டிருந்தாய். பட்டியலில் அவை ஐந்து. அவர்கள் காதுக்கு ஒன்று. துருக்கியில் வயதுக்கு யாஷ், யாஷ்லாந்தும் என்றால் எனக்கு வயதாகிவிட்டது. ஹஸ்தா நோயாளி, ஹஸ்தாலாந்தும் என்றால் உடம்புக்கு முடியாமல் போயிற்று. கிர் அழுக்கு, கிர்லெந்தி அழுக்காயிற்று. ஒஃப்கெ கோபம், ஒஃப்கெலெந்தி கோபமானான். சொல்லின் முதுகில் லான் அல்லது லென் என்ற ஒட்டு ஏறிக்கொள்கிறது. முன்னால் இருக்கிற உயிரெழுத்தைப் பார்த்து அகரமோ எகரமோ ஆகிறது. நமக்கு 'ஆகு' செய்கிற வேலை இது. அவர்களே எழுதட்டும். பலகையில் ஒரு பக்கம் லான், லென் வருகிற சொற்களை வகுப்பே சொல்லட்டும், மறுபக்கம் நீ கெட் போட்டுக்கொண்டே வா. எண் போட வேண்டாம்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது எவ்லெந்தி. எவ் என்றால் வீடு. திருமணம் செய்துகொள்வதை அவர்கள் 'வீடாதல்' என்று சொல்கிறார்கள். மனை என்ற சொல்லிலிருந்து மனைவியையும், இல் என்ற சொல்லிலிருந்து இல்லாளையும் இல்லறத்தையும் எடுத்துக்கொண்ட நமக்கு இதைவிடப் பக்கத்தில் ஒரு சொல் அமையுமா! இது நோட்டில் ஏறிய அன்று ராத்திரி அப்பாவை எழுப்பிச் சொன்னேன். ஒரு எச்சரிக்கை மட்டும்: கல்யாணத்தில் அவர்கள் 'அவனோடு' என்கிற உருபைப் போடுவார்கள், அதனால் ஆங்கிலத்திலும் மேரீட் வித் என்று எழுதுவார்கள். அங்கே டூ வரும் என்பதைப் பொறுமையாகச் சொல்.

ஆங்கிலத்தில் கெட் வைத்துச் சொல்கிற ஏறு, இறங்கு, எழுந்திரு, வீட்டுக்கு வந்து சேர் போன்றவற்றுக்கு அவர்களிடம் தனித்தனி வினை இருக்கிறது, நமக்கும் இருக்கிறது. பஸ்ஸில் நின்றுகொண்டு சொல்லிக்கொடுத்தால் ஒரு வாரத்தில் படிந்துவிடும்.

கஷ்டமான இடம் முடி வெட்டிக்கொள்வதுதான். நாம் 'முடி வெட்டிட்டு வந்தேன்' என்று சொல்லி, வெட்டியவர் யார் என்பதைச் சூழலுக்கு விட்டுவிடுகிறோம். துருக்கிக்காரர்கள் நம்மைவிடக் கறாரானவர்கள். தானே வெட்டினால் கெஸ்திம், ஆள் வைத்து வெட்டினால் கெஸ்திர்திம். நடுவில் நுழைந்த அந்தத் திர், நாம் இலக்கணத்தில் பிறவினை என்று படித்ததேதான். 'உண்' என்பதிலிருந்து 'ஊட்டு' பிறந்த மாதிரி. இவ்வளவு துல்லியமான பாஷை பேசுகிறவர்கள் ஆங்கிலத்தில் 'ஐ கட் மை ஹேர்' என்று எழுதுகிறார்களே என்று நீ ஆச்சரியப்பட்டாய். அந்தத் திர் எங்கே போய் உட்கார வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் காட்டவில்லை, அதனால்தான். வினையின் வயிற்றிலிருந்து அதை எடுத்து வாக்கியத்தின் முன்பக்கம் கொண்டுவந்தால் அது காட் ஆகிறது. ஐ காட் மை ஹேர் கட். சாச்சுமு கெஸ்திர்திம் என்பதைப் பலகையில் எழுதி, திர் மேல் வட்டம் போட்டு, அங்கிருந்து காட் வரைக்கும் ஒரு கோடு இழு. அந்தக் கோட்டை மறக்க மாட்டார்கள்.

இன்னொன்று, நான் கண்டுபிடித்துச் சந்தோஷப்பட்டது. புரிந்ததா என்று கேட்டால் அவர்கள் அன்லாடும் என்கிறார்கள், இறந்தகாலம். ஆங்கிலத்தில் காட் இட், அதுவும் இறந்தகாலம். நாமும் 'புரிஞ்சுது' என்றுதான் சொல்கிறோம். கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து கெல்திம், கெல்திம் என்று குரல் வருகிறது என்றாயே, 'வந்துட்டேன், வந்துட்டேன்' என்று நான் அடுப்படியிலிருந்து கத்துவது அதுதானே? அந்த அன்லாடும், அல்டும் கடைசியில் இருக்கிற புள்ளியில்லாத ஐ எழுத்தை நீ சுலபமாகச் சொல்கிறாய் என்று அங்கே பாராட்டினார்களாம். நம் 'காடு', 'பந்து' கடைசியில் உதடு குவியாமல் வருகிற குற்றியலுகரம்தான் அது. உன் நாக்கு அந்தப் பாஷைக்குப் பாதி வழி போய்விட்டது.

இதையெல்லாம் நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நீ செய்ததை நானும் செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், ஒன்பதாம் வகுப்பு. அகராதியைப் பார்த்து இரண்டு பீரியட் முழுக்கக் கெட்டின் அர்த்தங்களைப் பலகையில் எழுதிப்போட்டேன். ஒரு பையன் ஒன்றுவிடாமல் மனப்பாடம் செய்தான். பரீட்சையில் 'ஐ காட் த ஸ்கூல் அட் நைன்' என்று எழுதினான். போய்ச்சேர் என்ற அர்த்தத்தை நான் கொடுத்திருந்தேன், அதற்கு டூ வேண்டும் என்று சொல்லவில்லை. சிவப்பு மையில் வட்டம் போட்டு, மார்க்கைக் குறைத்து, வகுப்பில் வாசித்தும் காட்டினேன். அதன் பிறகு அவன் எழுந்து வாசிக்கவே இல்லை. பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டான். அதற்கு வேறு காரணங்களும் இருந்திருக்கும். ஆனாலும் அந்தத் தாள் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

அந்தப் பெரியவர் பேனாவை மூடினார் என்று நீ சொன்னபோது எனக்கு அந்தப் பையன் முகம்தான் வந்தது.

பெரியவர்கள் புதிதாகப் படிக்க வருவது அந்த நாட்டுக்குப் பழக்கமான விஷயம்தான், பாப்பா. 1928 நவம்பரில் அரபி எழுத்தை விட்டு லத்தீன் எழுத்துக்கு மாறினார்கள். 1929 ஜனவரியில் பெரியவர்களுக்கென்றே தேசப் பள்ளிகள் திறந்தார்கள். உன் மாணவருடைய தாத்தா பாட்டிகளில் யாராவது அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, தங்கள் பேரை முதலிலிருந்து எழுதிப் பழகியிருக்கலாம். அந்த வழியில் வந்தவரிடம் முப்பத்திரண்டு வரியை நீட்டினால் படிக்கவே முடியாது என்று நினைக்க மாட்டார். ஆனால் தனக்குத் தெரிந்தது எதுவும் இங்கே செல்லாது என்று நினைத்துவிடுவார். அதுதான் எனக்குப் பயம்.

அதனால் அந்தத் தாளைக் கிழித்துப்போடு. கெட் ஓவர், கெட் அவே, கெட் பை எல்லாம் இந்த வருஷம் வேண்டாம். கதை படிக்கும்போது ஒன்றொன்றாக எதிர்ப்படட்டும். அல்மாக் ஒரு வாரம், லென் ஒரு வாரம், திர் இரண்டு வாரம். 'கெட் மி சம் வாட்டர்' மட்டும் முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிடு. அவர்கள் பாஷையில் கெதிர் என்றால் கொண்டுவா. இரண்டுக்கும் உறவு ஒன்றும் இல்லை. கெட் வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியிலிருந்து கடல் கடந்து இங்கிலாந்துக்கு வந்தது, கெதிர் துருக்கியின் சொந்தச் சொல். ஆனாலும் தற்செயலாகக் கிடைத்த ஊன்றுகோலை ஏன் விட வேண்டும்?

என் கண்ணைப் பற்றிக் கேட்டாய். கட்டுப் பிரித்தாகிவிட்டது. இந்தக் கடிதத்தைக் கண்ணாடி போடாமல்தான் எழுதுகிறேன், எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கும். உன் வகுப்பு எனக்காக எழுதி அனுப்பிய அட்டையைத் தெளிவாகப் பார்த்தேன். எல்லாரும் கெட் வெல் சூன் என்று எழுதியிருந்தார்கள். ஒரே ஒரு கையெழுத்தில் மட்டும் 'லெட் இட் பி பாஸ்ட்' என்று இருந்தது. கெச்மிஷ் ஒல்சுன் என்று அவர்கள் நோயாளிக்குச் சொல்வதை அப்படியே ஆங்கிலத்தில் போட்டிருக்கிறார்: கடந்ததாக இருக்கட்டும். யார் எழுதியது என்று நீ சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

அதைத் திருத்தாதே. அடுத்த வகுப்பில் அவரிடம் போய், அம்மா கேட்டார்கள், கெச்தி, கடந்துவிட்டது என்று சொல்லு. பிறகு அந்தக் கோட்டு வாக்கியத்தை எடு.

அன்புடன்,
அம்மா