சட்டைப் பையில் இருக்கும் மாத்திரை

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்தியாயிற்று என்று படித்ததில் சந்தோஷம். விறைப்பு சரியாக வருவதில்லை, அதற்கு மாத்திரை போட்டுப் பார்த்தேன் என்று கடைசிப் பக்கத்தில் ஒளித்து ஒளித்து எழுதியிருந்தாயே, அதற்கு வருகிறேன். பத்து வருடமாகச் சர்க்கரை இருக்கிறவனுக்கு அந்த நரம்பும் ரத்தக் குழாயும் பழுதாவதில் அதிசயம் ஒன்றுமில்லை. வெட்கப்படாதே.

மெடிக்கல் கடையில் சீட்டில்லாமல் வாங்கிய சில்டெனாஃபில், அதாவது வயாகரா மருந்து, 100 மில்லிகிராம் என்கிறாய். பொதுவாக ஆரம்பிப்பதே 50-தான். 65 தாண்டினவர்களுக்கு 25. தலைவலி, முகம் சிவந்து கொதிப்பது, மூக்கடைப்பு எல்லாம் ஒரே காரணத்தால் வருபவை. அந்த மருந்து ரத்தக் குழாய்களை விரிக்கிறது. கீழே மட்டும் விரித்துவிட்டு மற்ற இடத்தைச் சும்மா விடாது. ட்யூப்லைட்டைச் சுற்றி நீலம் தெரிந்தது என்றாயே, அதுவும் அளவு அதிகமானதால்தான். மருந்து தடுக்கும் நொதிக்கு ஒரு பங்காளி விழித்திரையில் இருக்கிறது, அதையும் கொஞ்சம் தொட்டுவிடும். சில மணி நேரத்தில் சரியாகும்.

இரண்டாவது தடவை வேலையே செய்யவில்லை என்பதற்கு நீ சாப்பிட்ட பிரியாணிதான் காரணமாக இருக்கும். கொழுப்பான சாப்பாட்டோடு போட்டால் மருந்து ஏற ஒரு மணி நேரம் தாமதமாகும். அதற்காக இன்னொன்று போட்டது மகா தப்பு. 24 மணி நேரத்துக்கு ஒன்று, அவ்வளவுதான்.

கடைக்காரர் மாற்றாகச் சொன்ன டாடலாஃபில் 36 மணி நேரம் வரை உடம்பில் வேலை செய்யும். சிலருக்கு மறுநாள் இடுப்பும் தொடையும் அடித்துப்போட்டதுபோல் வலிக்கும், இரண்டு நாளில் போய்விடும்.

இதெல்லாம் தொந்தரவு, ஆபத்தில்லை. ஆபத்து உன் சட்டைப் பையில் இருக்கிறது. சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாம் வரிசையாக எழுதியவன், நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட்டை ஏன் விட்டுவிட்டாய்? போன மாதம் நெஞ்சு பிசைந்தபோது வைத்ததாகப் போனில் சொன்னாயே! ரத்தக் குழாயைத் தளர்த்தும் பொருளைச் சார்பிட்ரேட் பெருக்குகிறது. சில்டெனாஃபில் அது அழியவிடாமல் தடுக்கிறது. தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு வடிகாலையும் அடைத்தால் தொட்டி என்னவாகும்? பிரஷர் தடாலென்று விழும், உயிரே போகலாம். வேடிக்கை என்னவென்றால், இங்கிலாந்தில் ஃபைசர் மருந்துக் கம்பெனி ஆட்கள் சில்டெனாஃபிலை முதலில் சோதித்துப் பார்த்ததே நெஞ்சுவலிக்காகத்தான்.

ஆகையால் இதய டாக்டரைப் பார்க்கும்வரை அந்த சில்டெனாஃபில் அட்டையைத் தொடாதே. மாத்திரை போட்டபின் நெஞ்சு வலித்தால் சார்பிட்ரேட்டை வைக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போ. சில்டெனாஃபில் என்றால் 24 மணி நேரம், டாடலாஃபில் என்றால் 48 மணி நேரம் சார்பிட்ரேட் கூடவே கூடாது. எதை, எத்தனை மணிக்குப் போட்டாய் என்று பக்கத்தில் மருமகளே நின்றாலும் டாக்டரிடம் சொல்லிவிடு. நெஞ்சுவலிக்கான இன்னொரு மாத்திரை நிகோரான்டிலை எழுதிக்கொடுத்திருந்தாலும் இதே கதைதான். டாக்டர் வேண்டாம் என்றால் காற்றை உறிஞ்சி விறைப்பு வரவைக்கும் வேக்குவம் பம்ப் இருக்கிறது, ரத்தத்தில் கலக்காத வழி.

நான்கு மணி நேரம் தாண்டியும் விறைப்பு இறங்காவிட்டாலும், திடீரென்று பார்வை மங்கினாலும், காது அடைத்துப்போனாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

மூலிகை கேப்ஸ்யூல் விளம்பரத்தையும் வெட்டி அனுப்பியிருக்கிறாய். ‘இயற்கை’ என்று விற்பவற்றில் சில்டெனாஃபிலையே கலந்து வைத்தது பலமுறை பிடிபட்டிருக்கிறது. எத்தனை மில்லிகிராம் என்றுகூடத் தெரியாமல் விழுங்குவாய்; வேண்டாம்.

இரவில் புராஸ்டேட்டுக்கு ஏதோ போடுகிறாயே, அட்டையைப் பார்த்துப் பெயரை எழுது. டாம்சுலோசின் வகை என்றால், அதுவும் சில்டெனாஃபிலும் சேர்ந்து, எழுந்து நிற்கும்போது தலை சுற்றிக் கீழே தள்ளிவிடும். அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
ராமு